புள்ளியியலில் பிஎச்.டி.: பி.இ. முடித்தவர் முன்னால் இருக்கும் நான்கு வழிகள்

பொறியியல் படித்துவிட்டு அமெரிக்காவில் புள்ளியியல் பிஎச்.டி. செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது பல்கலைக்கழகத் தரவரிசையை. அதற்கு முன் எடுத்துப் பார்க்க வேண்டியது சொந்த மதிப்பெண் பட்டியலை. துறை மாறி வருகிறவரின் விண்ணப்பத்தில் சேர்க்கைக் குழு இரண்டு விஷயங்களைத் தேடும். நிறுவல் (ப்ரூஃப்) எழுதிப் பழகும் கணிதத்தாள் ஒன்றாவது இருக்கிறதா? அந்தக் கணிதத்தில் உங்களை நேரில் பார்த்த ஒருவர் உங்களுக்காகக் கடிதம் எழுதியிருக்கிறாரா? இந்த இரண்டு கேள்விக்கும் உங்களிடம் இருக்கும் பதிலை வைத்துத்தான் எந்த வழி உங்களுக்குப் பொருந்தும் என்பது முடிவாகும்.

வழிகள் நான்கு. நேரடியாகப் பிஎச்.டி.க்கு விண்ணப்பிப்பது. அமெரிக்காவில் எம்.எஸ். படித்துவிட்டு விண்ணப்பிப்பது. இந்தியாவில் எம்.ஸ்டாட் (புள்ளியியல் முதுகலை) அல்லது எம்.எஸ்சி. முடித்துவிட்டுப் போவது. நான்காவது, பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் (உயிரியல், மருத்துவப் புள்ளியியல்), இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் போன்ற பக்கத்துத் துறை வழியாகப் புள்ளியியலுக்குள் வருவது.

பி.இ. மதிப்பெண் பட்டியலில் என்ன குறைகிறது

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையை எடுத்துக்கொள்வோம். 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்', 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அண்ட் நியூமரிக்கல் மெத்தட்ஸ்', 'டிரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்ட் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ்' ஆகிய தாள்கள் பல கிளைகளில் இருக்கும். இசிஇ மாணவருக்கு மூன்றாவது தாளுக்குப் பதில் 'ரேண்டம் ப்ராசஸஸ் அண்ட் லீனியர் ஆல்ஜீப்ரா' இருக்கும். புள்ளியியல் துறைகள் கேட்பவை: பல மாறிகள் வரைக்குமான கால்குலஸ், லீனியர் ஆல்ஜீப்ரா, ரியல் அனாலிசிஸ் (கால்குலஸை நிறுவல்களோடு படிப்பது), கால்குலஸ் அடிப்படையிலான நிகழ்தகவு, கணிதப் புள்ளியியல். கால்குலஸ் சரியாகிவிடும். லீனியர் ஆல்ஜீப்ராவும் நிகழ்தகவும் பாதி அளவுக்காவது வந்திருக்கும். ரியல் அனாலிசிஸ் மட்டும் எந்தக் கிளையின் பாடத்திட்டத்திலும் கிடையாது.

அந்த ஒரு தாளை ஏன் இப்படி வலியுறுத்துகிறார்கள்? பல துறைகளில் முதல் இரண்டு ஆண்டுக்குள் அளவைக் கோட்பாடு (மெஷர் தியரி) வழியான நிகழ்தகவுத் தாள் வந்துவிடும். ஒரு மதிப்பீட்டுக் கருவி உண்மை மதிப்பை நோக்கி ஒருங்குகிறது என்று காட்ட, எல்லையையும் தொகையீட்டையும் எப்போது இடம் மாற்றலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். எப்சிலான், டெல்டா வைத்து ஒரு நிறுவல்கூட எழுதாமல் வருகிறவர் அங்கேதான் முட்டி நிற்கிறார். பிஎச்.டி.யில் தொடர எழுத வேண்டிய தகுதித் தேர்வுக்குப் பெரும்பாலும் இரண்டு வாய்ப்புதான். இரண்டிலும் தவறினால் எம்.எஸ். பட்டத்தோடு வெளியேற வேண்டியிருக்கும். அங்கே தடுமாறக்கூடியவரை எடுக்கக் குழு தயங்குகிறது.

குறையை நிரப்ப மூன்று வழிகள் இருக்கின்றன, மூன்றும் சம எடை கொண்டவை அல்ல. ஐஐடிகளின் இணையவழிப் பாடத் தளமான என்பிடெல் தரும் 12 வாரத் தாள் கற்றுக்கொள்ள மிக நல்லது. ஆனால் அதன் இறுதித் தேர்வு பெரும்பாலும் விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை என்பதால் நிறுவல் எழுதத் தெரியும் என்பதற்கு அது சான்று ஆகாது. பல்கலைக்கழக கிரெடிட்டும் கிரேடும் தரும் தாளுக்கு மதிப்பு அதிகம். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் நெட்மேத் வழியாக வேலையில் இருந்தபடியே அப்படிப்பட்ட கணிதத் தாள்களைப் படிக்கலாம், கட்டணம் மட்டும் டாலரில். நம் ஊர்த் தொலைநிலைக் கல்வியில் எம்.எஸ்சி. கணிதம் சேர்வது செலவு குறைந்த மாற்று. இவற்றோடு ஜிஆர்இ கணிதப் பாடத் தேர்வையும் எழுதுவது துறை மாறுகிறவருக்கு உதவும். அதில் பாதிக் கேள்விகள் கால்குலஸ், கால் பங்கு ஆல்ஜீப்ரா, மீதி அனாலிசிஸ் உள்ளிட்ட மற்றவை. மதிப்பெண் 200 முதல் 990 வரை. உங்கள் கல்லூரிப் பெயரைக் கேள்விப்படாத குழுவுக்கும் அந்த எண் புரியும். செப்டம்பர், அக்டோபர், ஏப்ரல் மாதங்களில் நடக்கிறது. டிசம்பர் விண்ணப்பத்துக்கு அக்டோபர்தான் கடைசி. பொது ஜிஆர்இ-யைப் பல துறைகள் 2020-க்குப் பிறகு கைவிட்டுவிட்டன. ஒவ்வொரு துறையின் பக்கத்திலும் அந்த ஆண்டின் விதியைப் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

நேரடியாக விண்ணப்பித்தல்

அமெரிக்கப் பிஎச்.டி.க்கு முதுகலைப் பட்டம் கட்டாயம் இல்லை, நாலாண்டு பி.இ. போதும். இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம் தள்ளுபடி, கற்பித்தல் உதவியாளராகவோ ஆராய்ச்சி உதவியாளராகவோ வேலை, அதற்கு மாதாமாதம் ஸ்டைபெண்ட். வேலை நேரம் பருவ காலத்தில் வாரம் 20 மணிக்கு மேல் போகக்கூடாது. காலம் சுமார் ஐந்து ஆண்டு. பணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இதைவிட நல்ல வழி கிடையாது.

சிக்கல் போட்டியில். வெளிநாட்டு விண்ணப்பதாரர்களில் உங்கள் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்படுகிறவர்கள் கணிதத்தையே முதன்மையாகப் படித்த சீன மாணவர்களும் இந்தியப் புள்ளியியல் நிறுவன (ஐஎஸ்ஐ) மாணவர்களும். அனாலிசிஸில் ஒரு கிரேடும் கணிதப் பேராசிரியர் ஒருவரின் கடிதமும் இல்லாமல் அந்த வரிசையில் நிற்பது வீண் செலவு. அவை இருந்தால், எந்தெந்தத் துறைக்கு என்று பார்த்து விண்ணப்பியுங்கள். ஸ்டான்ஃபர்ட், பெர்க்லி, சிகாகோ போன்ற துறைகளில் சேர்க்கை மிகக் குறைவு, கோட்பாட்டுக் கணிதத்தில் எதிர்பார்ப்பு அதிகம். அயோவா ஸ்டேட், நார்த் கரோலைனா ஸ்டேட், பர்டூ, டெக்சஸ் ஏ அண்ட் எம் போன்றவை பெரிய துறைகள். வேளாண்மை, தொழில்துறை, கணினி சார்ந்த ஆய்வுகள் அங்கே வலுவாக நடப்பதால் பொறியியல் பின்னணிக்கு அங்கே ஒரு பயன் இருக்கிறது. ஒரு விண்ணப்பத்துக்குப் பெரும்பாலும் 75 முதல் 125 டாலர் வரை ஆகும். பத்து இடத்துக்குப் போட்டால், ஆங்கிலத் தேர்வையும் சேர்த்து ஒரு லட்சம் ரூபாய் காலியாகிவிடும்.

இங்கே பொறியியல்காரர்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு காரியம் பலன் தராது. மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் துறைகளில் ஆய்வுப் பணம் வைத்திருக்கும் பேராசிரியர் நேரடியாக மாணவரை எடுப்பார், அதனால் நூறு பேருக்கு மின்னஞ்சல் அனுப்புவது அங்கே பழக்கம். புள்ளியியலில் பெரும்பாலும் குழுதான் சேர்க்கிறது. வழிகாட்டியைத் தகுதித் தேர்வு முடிந்தபிறகே தேர்ந்தெடுப்பார்கள். மின்னஞ்சலுக்குச் செலவிடும் நேரத்தை அனாலிசிஸ் கணக்குகளுக்குக் கொடுங்கள்.

அமெரிக்காவில் எம்.எஸ். முடித்துவிட்டு

இது பலரும் எடுக்கும் வழி. சரியான படிப்பில் சேர்ந்தால் நன்றாகப் பலிக்கும், தவறான படிப்பில் சேர்ந்தால் கடன் மட்டும் மிஞ்சும். வித்தியாசம் இரண்டு இடங்களில் இருக்கிறது.

முதலாவது நாள்காட்டி. ஆகஸ்டில் சேர்கிறீர்கள். பிஎச்.டி. டெட்லைன்கள் பெரும்பாலும் டிசம்பர் தொடக்கத்திலிருந்து நடுப்பகுதி வரை. முதல் டிசம்பரில் கையில் ஒரு கிரேடும் வந்திருக்காது, பேராசிரியர்களுக்கு உங்கள் முகமே பழகியிருக்காது. ஆக, அடுத்த டிசம்பர்தான் உங்கள் டிசம்பர். நான்கு பருவப் படிப்பில் அப்போது இரண்டு பருவ கிரேடும் ஒரு கோடைக்கால ஆய்வும் இருக்கும். மே மாதம் பட்டம், ஆகஸ்டில் பிஎச்.டி., இடைவெளி பிரச்சினை இல்லை. மூன்று பருவப் படிப்பில் டிசம்பரிலேயே பட்டம் முடிந்துவிடும். பிஎச்.டி. தொடங்க எட்டு மாதம் இருக்கும். மாணவர் விசாவான எஃப்-1 விதிப்படி ஒரு படிப்பு முடிந்து ஐந்து மாதத்துக்குள் அடுத்த படிப்பு தொடங்காவிட்டால் நேராக மாறிக்கொள்ள முடியாது. இடையில், படிப்புக்குப் பின் வேலை செய்ய அனுமதிக்கும் ஓபிடி எடுத்தாக வேண்டும். ஓபிடியில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக்கூடாது. வேலை கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்பி, புது விசாவுக்குத் திரும்பவும் நேர்காணல். ஓராண்டுப் படிப்பில் இடைவெளி இன்னும் நீளம். "சீக்கிரம் முடிந்துவிடும், செலவு குறைவு" என்று குறுகிய எம்.எஸ். எடுத்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இரண்டாவது, எந்தத் தாள்களை எடுக்க விடுகிறார்கள் என்பது. பல எம்.எஸ். படிப்புகள் வேலைக்குத் தயார் செய்பவை. ரிக்ரெஷன், மெஷின் லேர்னிங், ஒரு ப்ராஜெக்ட், அவ்வளவுதான். அந்தக் கிரேடுகள் பிஎச்.டி. குழுவுக்குப் புதிதாக எதையும் சொல்வதில்லை. சேருவதற்கு முன்பே துறைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, முதலாண்டுப் பிஎச்.டி. கோட்பாட்டுத் தாள்களை எம்.எஸ். மாணவர் எடுக்கலாமா, தீசிஸ் எழுத வாய்ப்பு உண்டா என்று கேட்டுவிடுங்கள். அந்தத் தாளில் பிஎச்.டி. மாணவர்களோடு உட்கார்ந்து வாங்கும் 'ஏ' கிரேடு, துறை மாறுகிறவர் காட்டக்கூடிய சான்றுகளிலேயே வலுவானது. 'முடியாது' என்று பதில் வந்தால் அந்த எம்.எஸ். எவ்வளவு பெயர் பெற்ற இடமாக இருந்தாலும் உங்கள் தேவைக்கு உதவாது.

பணக் கணக்கையும் கடைசிவரை போட்டுப் பார்க்க வேண்டும். கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்து 60 லட்சம் ரூபாய்க்கு மேல் போவது சாதாரணம். 60 லட்சம் கடன், 10.5 சதவீத வட்டி என்றால் வட்டி மட்டும் ஆண்டுக்கு 6.3 லட்சம், மாதம் ஐம்பத்திரண்டாயிரத்துச் சொச்சம். எம்.எஸ். முடித்து வேலைக்குப் போகிறவர் இதைச் சமாளிப்பார். பிஎச்.டி.க்குப் போகிறவரின் கையில் மாதம் இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம் டாலர்தான் இருக்கும், அதில் வாடகை போக மீதியில் இதைக் கட்ட வேண்டும். திருப்பிச் செலுத்தும் விடுப்புக் காலம் பொதுவாக அந்த எம்.எஸ். முடிந்து ஆறு மாதமோ ஓராண்டோ வரைதான். பிஎச்.டி.க்காக அது தானாக நீளாது. வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டை அடமானம் வைத்துத்தான் இந்தக் கடன் என்றால், பிஎச்.டி.யை இலக்காக வைத்து இந்த வழியில் இறங்குவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

இந்தியாவில் எம்.ஸ்டாட் அல்லது எம்.எஸ்சி.

மேலே சொன்ன இரண்டு குறையையும், கணிதத்தையும் கடிதத்தையும், கடன் இல்லாமல் ஒரே இடத்தில் தீர்த்துவைக்கும் வழி இதுதான். தயக்கமில்லாமல் சொல்வோம்: நுழைவுத் தேர்வில் தேறக்கூடிய பெரும்பாலான பி.இ. பட்டதாரிகளுக்கு இதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும்.

1931-இல் மகலனோபிஸ் கொல்கத்தாவில் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் எம்.ஸ்டாட் இரண்டாண்டுப் படிப்பு. கல்விக் கட்டணம் இல்லை, உதவித்தொகை உண்டு. அமெரிக்கத் துறைகளில் ஐஎஸ்ஐ பட்டதாரிகள் பல பத்தாண்டுகளாகப் படித்தும் கற்பித்தும் வருவதால் அங்கிருந்து போகும் மதிப்பெண் பட்டியலுக்கு விளக்கம் தேவைப்படாது. துறை மாறி வருவதும் அங்கே புதிதல்ல. சி.ஆர். ராவ் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதம் முடித்துவிட்டுத்தான் ஐஎஸ்ஐக்கு வந்து புள்ளியியலுக்கு மாறினார். நுழைவுத் தேர்வில் விரிவாக விடை எழுதும் பகுதி கடினமானது. விடை மட்டும் சரியாக இருந்தால் போதாது, ஏன் என்று எழுத வேண்டும். அதற்குத் தயாராவதே அனாலிசிஸ் பயிற்சிதான்.

இன்னொரு கதவு ஐஐடி ஜாம் தேர்வின் கணிதப் புள்ளியியல் தாள். மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். ஐஐடி கான்பூரின் எம்.எஸ்சி. புள்ளியியல், ஐஐடி பம்பாயின் புள்ளியியல் எம்.எஸ்சி. ஆகியவற்றுக்கு இதன் வழியாகப் போகலாம். சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் கழகத்திலும் முதுகலைப் படிப்புகள் உண்டு. பிஎச்.டி. இலக்கு என்றால் அங்கே டேட்டா சயின்ஸைவிடக் கணிதம்தான் பொருத்தம்.

கவனிக்க வேண்டியது தகுதி விதி. இளநிலையில் கணிதமோ புள்ளியியலோ எத்தனை பருவம் படித்திருக்க வேண்டும் என்று சில படிப்புகள் கேட்கும். பி.இ.யில் கணிதத் தாள்கள் பல கிளைகளில் மூன்று, நான்கு பருவத்தோடு முடிந்துவிடும். விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் அந்த ஆண்டுக் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு உங்கள் பருவங்களை எண்ணிப் பாருங்கள். இந்த வழியின் விலை நேரம். இரண்டாமாண்டு டிசம்பரில் விண்ணப்பித்தாலும் பிஎச்.டி. தொடங்க இன்றிலிருந்து குறைந்தது இரண்டரை, மூன்று ஆண்டு ஆகும்.

பக்கத்துத் துறைகள்

பயோஸ்டாட்டிஸ்டிக்ஸில் கணித எதிர்பார்ப்பு ஒரு படி குறைவு என்று சொல்லி அனுப்பிவைப்பார்கள். பல துறைகளில் அது உண்மைதான். ஜான்ஸ் ஹாப்கின்ஸ், சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் அந்தப் பேச்சே பொருந்தாது. இதில் வெளிநாட்டவருக்கு இருக்கும் தடையை யாரும் முதலில் சொல்வதில்லை. இந்தத் துறைகளின் நிதியில் பெரும்பங்கு அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்களான என்ஐஎச் வழியாக வருகிறது. அதன் டி32 பயிற்சி நிதி அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) பெற்றவர்களுக்கும் மட்டும். நமக்கு மிஞ்சுவது உதவியாளர் வேலை இடங்கள்தான். 2025-இல் என்ஐஎச் நிதியில் கைவைக்கப்பட்டதிலிருந்து பல பல்கலைக்கழகங்கள் உயிர்மருத்துவம் சார்ந்த பிஎச்.டி. சேர்க்கையைக் குறைத்தன. அதனால் ஒவ்வொரு துறையிடமும் வெளிநாட்டு மாணவருக்கு நிதி உறுதி எத்தனை ஆண்டு என்று கேட்க வேண்டும். பொது சுகாதாரப் பள்ளிகளில் சில சோஃபாஸ் என்ற பொது விண்ணப்பத் தளத்தைப் பயன்படுத்துகின்றன. அதில் இந்திய மதிப்பெண்ணுக்கு டபிள்யூஇஎஸ் என்ற நிறுவனத்தின் மதிப்பீடு கேட்பார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் நேரடியாக அங்கே போய்ச் சேர வேண்டும். நம் ஊர்த் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் வேகம் தெரிந்தவர்கள் ஆகஸ்டிலேயே தொடங்கிவிடுவார்கள்.

மெக்கானிக்கல், ப்ரொடக்‌ஷன் படித்தவர்கள் அதிகம் கவனிக்காத வழி ஒன்று உண்டு: இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் பிஎச்.டி.யில் சேர்ந்து, தரக்கட்டுப்பாடு, நம்பகத்தன்மை, சோதனை வடிவமைப்பு ஆகியவற்றில் ஆய்வு செய்வது. ஜார்ஜியா டெக் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பல பல்கலைக்கழகங்களில் மற்றத் துறைப் பிஎச்.டி. மாணவர் கூடவே புள்ளியியல் எம்.எஸ். பட்டமும் வாங்கலாம். அயோவா ஸ்டேட்டில் இரண்டு துறையை இணைத்தே பிஎச்.டி. செய்ய முடியும். உங்கள் பி.இ. இங்கே குறையாகப் பார்க்கப்படாது. பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதுவதும் இங்கே பலிக்கும். பின்னாளில் புள்ளியியல் துறையில் பேராசிரியராக வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் மட்டும் இந்த வழி சுற்று.

கடிதமும் நோக்கவுரையும்

எந்த வழியிலும் மூன்று கடிதம் கேட்பார்கள். ஹெச்ஓடி கையெழுத்து என்பதற்காகவே அவரிடம் வாங்கும் "ஒழுக்கமான, கடின உழைப்பாளி மாணவர்" கடிதத்தால் பயனில்லை. அதைவிட மோசம், மாணவரே எழுதி மூன்று பேரிடம் கையெழுத்து வாங்குவது. ஒரே நடை, ஒரே சொற்கள், கல்லூரி முகவரி இல்லாத ஜிமெயில் கணக்கு என்று வரும்போது குழு மூன்றையும் ஒதுக்கிவிடும். உங்களுக்கு அனாலிசிஸோ நிகழ்தகவோ நடத்தியவர் ஒருவர், ஆய்விலோ கடைசி ஆண்டு ப்ராஜெக்டிலோ வழிகாட்டியவர் ஒருவர், மூன்றாவதாக வேலையிடத்தில் உங்கள் பகுப்பாய்வை நேரில் பார்த்தவர் என்று அமைந்தால் போதும். கல்லூரி மின்னஞ்சல் வழியாகவே பதிவேற்றச் சொல்லுங்கள்.

நோக்கவுரையில் (எஸ்ஓபி) "தரவு உலகை மாற்றுகிறது" என்ற வகை வாக்கியங்கள் வேண்டாம். வேலையில் நீங்கள் எதிர்கொண்ட ஒரு கணக்கை எடுங்கள். சோதனை மேடையில் 30 பேரிங்கை 1,000 மணி நேரம் ஓட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 22 கெட்டுப்போகின்றன, 8 ஓடிக்கொண்டே இருக்கின்றன. கெட்ட 22-இன் சராசரியை ஆயுள் என்று அறிக்கையில் எழுதினால் உண்மை ஆயுளைக் குறைத்துச் சொல்கிறோம், ஏனென்றால் நீடித்து உழைப்பவற்றைத்தான் விட்டுவிட்டோம். அந்த எட்டையும் 'ஆயிரம் மணிக்கு மேல்' என்ற தகவலாகவே வைத்துக்கொண்டு, ஆயுள் கணக்கிடப் பயன்படும் வைபுல் பரவலைப் பொருத்தியபோது, பத்து சதவீதம் கெட்டுப்போகும் நேரம் எப்படி மாறியது, எந்த அனுமானம் உங்களை உறுத்தியது என்று ஒரு பத்தி எழுதினால், ஏன் புள்ளியியல் என்ற கேள்விக்கு வேறு பதில் தேவையில்லை.

சில துறைகள் கணிதத் தாள்களைப் பாடநூல் பெயரோடு தனியாகப் பட்டியலிடச் சொல்லும். அதை அவசரமாக நிரப்பாதீர்கள். பழைய ஒழுங்குமுறையின் 'இன்ஜினியரிங் மேத்தமேட்டிக்ஸ் 2' என்ற பெயரிலிருந்து யாருக்கும் எதுவும் தெரியாது. என்னென்ன அலகுகள் என்று எழுதுங்கள். 'ரேண்டம் ப்ராசஸஸ் அண்ட் லீனியர் ஆல்ஜீப்ரா' தாளில் இருபரிமாண மாறிகள், வெக்டர் வெளிகள், உள்பெருக்க வெளிகள் இருந்தன என்று ஒரு வரி சேர்த்தாலே பார்வை மாறும். சிஜிபிஏவைப் பத்துக்கு எவ்வளவோ அப்படியே கொடுங்கள், நீங்களாக நாலுக்கு மாற்ற வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில்

இந்த வழிகள் நாள்காட்டியில் ஒன்றோடொன்று மோதுவதில்லை. ஜாம் பதிவு செப்டம்பர், அக்டோபரில். கணிதப் பாடத் தேர்வும் அதே சமயம். டிசம்பரில் பிஎச்.டி. விண்ணப்பங்கள், பிப்ரவரியில் ஜாம் தேர்வு. பிப்ரவரி, மார்ச்சில் பிஎச்.டி. முடிவுகள் வரும், ஐஎஸ்ஐ தேர்வு வழக்கமாக மே மாதம். ஜாமுக்கும் ஐஎஸ்ஐக்கும் படிப்பது பெரும்பாலும் ஒரே பாடம். அதனால் அனாலிசிஸ் ஓரளவு கையில் இருப்பவர், ஐந்தாறு பெரிய துறைகளுக்கு நேரடியாக விண்ணப்பித்துவிட்டு ஜாமும் ஐஎஸ்ஐயும் எழுதுவதுதான் புத்திசாலித்தனம். அனாலிசிஸ் அறவே இல்லாதவர் இந்த டிசம்பரை விட்டுவிட்டு, விண்ணப்பக் கட்டணத்தை ஒரு கிரெடிட் தாளுக்குக் கொடுக்கலாம்.

நிதியுடன் வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்லும்படி, 'ஏப்ரல் 15 தீர்மானம்' என்ற பொது உடன்பாட்டில் சேர்ந்திருக்கும் பல்கலைக்கழகங்கள் வற்புறுத்த முடியாது. ஏதாவது ஒரு துறை முன்கூட்டியே கேட்டால் இதைப் பணிவாக நினைவூட்டலாம். கடிதத்தில் ஸ்டைபெண்ட் தொகை, எத்தனை ஆண்டுக்கு உறுதி, கோடை மாதங்களுக்கும் சேர்த்தா, பல்கலைக்கழகக் கட்டணங்களும் மருத்துவக் காப்பீடும் யார் பொறுப்பு என்ற நான்கையும் பாருங்கள். கட்டணத் தள்ளுபடி இருந்தும் கைக்காசில் பருவத்துக்கு ஆயிரம் டாலர் கட்ட வைக்கும் இடங்கள் உண்டு. நிதியே இல்லாமல் 'சேர்த்துக்கொள்கிறோம்' என்று மட்டும் வரும் பிஎச்.டி. கடிதத்தை ஏற்க வேண்டாம். மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்துக்கு ஓராண்டுச் செலவுக்கான பணத்தை நீங்களே காட்ட வேண்டியிருக்கும், அடுத்த நான்கு ஆண்டுக்கும் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். அந்த நிலையில் மே மாத ஐஎஸ்ஐ தேர்வுக்கு உட்கார்ந்து படிப்பது நல்லது.